காஸ் போன ஒரேஞ்ச் சோடா

காய்ச்சல் விட்டது. மணம் திரும்பி வரவில்லை.

படுக்கையில் கிடந்தவரைக்கும் அது எனக்குத் தெரியவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனபோதுதான் தெரிந்தது. மனைவி மீன் பொரித்துக்கொண்டு நின்றாள். சட்டி சத்தம் போட்டது. புகை வந்தது. கண் எரிந்தது. மணம் இல்லை. டிவியில் மீன் பொரிக்கிறதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"மீன் மணக்கேல்ல," என்றேன்.

"நல்ல மீன் மணக்காது," என்றாள். அவள் கடற்கரையில், ஓலைத்தொடுவாயில் பிறந்தவள். மீனைப் பற்றி அவளோடு கதைக்க ஏலாது.

"பொரியிற மணமும் வரேல்ல."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அகப்பையை என் மூக்கடியில் கொண்டுவந்து பிடித்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் அடுப்பை நூர்த்து, சட்டியை இறக்கினாள்.

நான் சமையல்காரன். கலியாணம், செத்தவீடு, கோயில் திருநாள், எல்லாத்துக்கும் கூப்பிடுவார்கள். கிடாரம் என்கிற பெரிய அண்டாவில் சமைப்பதுதான் என் வேலை. நாங்கள் கடல் தாண்டிப் போய் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில், அந்தப் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போவேன். கழுவக் கழுவச் சமையலும் பழகிவிட்டது. திரும்பி வந்து தோட்டவெளி என்ற ஊரில் குடியேறினேன். கலியாணம் கட்டினேன். அகப்பையை விடவில்லை.

கலியாண வீட்டில் மூக்கு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். நாக்கு இருக்கிறது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தால் முடிந்தது. எங்கள் மாதா கோயில் கிடாரம் அப்படி இல்லை. திருநாளன்று வைக்கிற நேர்த்திச் சோற்றைப் பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி மந்திரிக்கும் வரைக்கும் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. சமைக்கிறவனும் வைக்கக் கூடாது. மூக்கால்தான் பார்க்க வேண்டும்.

உப்புக்கு மணம் இல்லை என்று சொல்வார்கள். அது சரிதான். ஆனால் உப்புப் போதாத கறியின் ஆவி எழும்பாது, சட்டியோடு கிடக்கும். உப்பு விழுந்ததும் எழும்பும். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் கிடாரம் அம்மாவின் நேர்த்தி. ஊருக்குத் திரும்பிப் போனால் என் மகன் வருசா வருசம் சமைத்துப் போடுவான் என்று முகாமில் இருந்து நேர்ந்தவர். அம்மா திரும்பவில்லை. நேர்த்தி என்னோடு வந்தது. வந்த வருசம் தொடங்கி நான்தான் சமைக்கிறேன். இப்போது திருநாள் கிட்ட வந்துவிட்டது. மூக்கைக் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் காட்டினேன். சிலருக்கு இப்படி நடக்கும், மெல்ல மெல்லத்தான் வரும், தினமும் எதையாவது மணந்து பழகுங்கோ என்றார் டொக்டர். மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். கராம்பு கொண்டுவந்தாள். சவுக்காரம் கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய் கொண்டுவந்தாள். கடைசியில் கருவாடு.

"இதுவும் இல்லையோ?"

"இல்லை."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "கருவாடே மணக்காட்டி உங்களுக்கு இனி என்னப்பா மணக்கும்?"

சாப்பாடு இறங்கவில்லை. உப்பு தெரிந்தது, புளி தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. மற்றது ஒன்றும் இல்லை. நெத்தலிப் பொரியலும் அப்பளமும் எனக்கு ஒன்றாகிவிட்டது. வாய்க்குப் பிடித்தது சோடா மட்டும்தான். அது குத்தியது. குத்தியதால் வாயில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

சந்திக் கடை நானாவிடம்தான் சோடா குடிப்பேன். நாங்கள் இந்தியாவுக்குப் போன காலத்தில் அவர்கள் வீட்டார் இடம்பெயர்ந்து புத்தளம் போனார்கள். அவர் அங்கே வளர்ந்தார், நான் கடலுக்கு அப்பால் வளர்ந்தேன். இப்போது அடுத்தடுத்த ஒழுங்கையில் இருக்கிறோம். அவர் கடைப் பெட்டியில் கண்ணாடிப் போத்தல் சோடாதான் இருக்கும். பிளாஸ்டிக்கில் வருவது சோடா இல்லை, சீனித் தண்ணி என்பது அவர் கட்சி.

மூக்கு போன கதையை அவரிடம் சொன்னேன். அவர் மூடியைக் கழற்றிக்கொண்டே யோசித்தார்.

"அண்ணே, கறியில எத்தின மணம் இரிக்கு? நாப்பது இரிக்கும். சோடாவுக்கு ஒண்டுதான். சின்னப் பாடத்தில இரிந்து தொடங்குங்க."

"நான் பாடம் படிச்ச ஆள் இல்லை, நானா."

"நானும் இல்ல. அதுதான் சோடாக் கடை வச்சிரிக்கன்."

அன்று பின்னேரம் மஃரிப் தொழுதுவிட்டு ஒரு பையில் ஐந்து போத்தலோடு வீட்டுக்கு வந்தார். ஜிஞ்சர்பியர், கிரீம் சோடா, ஒரேஞ்ச், லெமனேட், பிறகு ஒரு சிவப்புச் சோடா. அந்தச் சிவப்பு என்ன பழம் என்று குடிக்கிறவருக்கும் தெரியாது, செய்தவருக்கும் தெரியாது. முற்றத்தில் மூன்று கதிரை போட்டோம். மனைவி தகரப் பேணிகளைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

முதலில் சண்டைதான் வந்தது. எது நல்ல சோடா என்று.

மனைவிக்குக் கிரீம் சோடா. அவள் கோயிலில் முதல் நன்மை எடுத்த அன்று வெள்ளைச் சட்டையோடு குடித்தது அதுதானாம். சட்டையில் ஊத்துப்பட்டாலும் கறை தெரியாது என்று அவளுடைய அப்பா அதைத்தான் வாங்கிக் கொடுத்தாராம்.

"கிரீம் சோடா பொம்பிளப் பிள்ளையள் குடிக்கிறது," என்றார் நானா. "தொண்டையைப் பிடிக்கணும். ஜிஞ்சர்பியர் குடிச்சா ஒரு தும்மல் வரணும். தும்மல் வராட்டி அது சோடா இல்ல, தங்கச்சி."

"தும்முறதெண்டால் மிளகாய்த் தூளை மணந்திட்டுப் போங்கோ. காசு மிச்சம்."

"அண்ணே, நீங்க சொல்லுங்க."

நான் முகாமில் குடித்ததைச் சொன்னேன். பன்னீர் சோடா. றோசாப்பூ மணக்கும். பிறகு கோலி சோடா. போத்தல் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி அடைத்துக்கொண்டு நிற்கும். வண்டிக்காரர் பெருவிரலால் அமத்த, அது கீழே விழும். விழும்போது போத்தல் கத்தும். எலுமிச்சம்புளி பிழிந்து உப்புப் போட்டுத் தருவார். பொங்கிக் கையெல்லாம் வழியும்.

"சோடாவுக்கு உப்போ?" என்றாள் மனைவி. "இந்தியாக்காரருக்குச் சீனியும் தெரியாது உப்பும் தெரியாது."

"உப்புப் போட்டால்தான் எலுமிச்சை எழும்பும்."

"அதைக் குடிச்சுத்தான் உங்கட மூக்குப் பழுதாப்போச்சு."

நானா சிரித்துச் சிரித்து ஜிஞ்சர்பியரை மூக்கால் விட்டார். தும்மல் வந்தது. அவருக்கு நல்ல சந்தோசம்.

அப்படித் தொடங்கியது. தினமும் பின்னேரம் நான் ஒவ்வொரு பேணியாகக் குடிப்பேன். மனைவி அதற்கு என்ன மணம் என்று சொல்லுவாள். நான் ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். அவள் சொல்லுவதற்குப் பஞ்சப்பட மாட்டாள். கிரீம் சோடா என்றால், "கேக் வெட்டின வீட்டு வாசல்ல நிண்ட மாதிரி." ஒரேஞ்ச் என்றால், "தோடம்பழம் தின்ற ஆள் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி. பழம் இல்லை, ஆள்தான்." சிவப்புச் சோடாவுக்கு, "காய்ச்சல் பாணி மருந்து மாதிரி. ஆனா நல்ல மருந்து." லெமனேட்டுக்கு மட்டும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. "மழை பெய்யப் போகுது எண்டு சொல்லிப்போட்டுப் பெய்யாத மாதிரி" என்றாள். நானா அதைக் கடையில் எழுதி ஒட்டப் போகிறேன் என்றார்.

மிச்சத்தை ஒரு பேசினில் ஊற்றுவோம். ஒழுங்கையில் திரிகிற கழுதை ஒன்று அதற்கு வரத் தொடங்கியது. எல்லாம் குடிக்கும். லெமனேட் மட்டும் இருந்தால் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

"அதுக்கு இருக்கிற மூக்கு உங்களுக்கு இல்லை," என்றாள் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் லேஞ்சியால் என் கண்ணைக் கட்டினாள். பேணிகளை மாற்றி மாற்றி வைத்தாள். என்ன சோடா என்று நான் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து மூப்பர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர் அவர்தான். திருநாள் கிடாரம் என்ன மாதிரி என்று கேட்க வந்தவர். என் மூக்கு போனது அவருக்கும் தெரியும். அவரையும் ஒரு கதிரையில் இருத்திவிட்டார்கள்.

முதல் பேணி. "ஜிஞ்சர்பியர்," என்றேன்.

"சரி!" என்று நானா கத்தினார்.

இரண்டாவது. "கிரீம் சோடா."

"சரி!"

ஒரேஞ்ச் என்றேன், சரி. சிவப்பு என்றேன், சரி. கடைசியில் லெமனேட். எல்லாம் சரி. நானா கதிரையில் தட்டினார். மூப்பர் கையைத் தட்டினார். மனைவி மாதாவைக் கூப்பிட்டாள். ஐந்தும் சரியாகச் சொன்னேனே.

"அப்ப என்ன, இந்த முறையும் நீங்கள்தான்," என்றார் மூப்பர். "பூசணிக்காய் சொல்லிவிடுறன். முருங்கன் பக்கத்தால அரிசி வருது." ஒரு பேணி ஒரேஞ்ச் குடித்தார். ஏவறை விட்டார். போய்விட்டார்.

மனைவி லேஞ்சியை அவிழ்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்லுங்கோ. கிரீம் சோடா எப்படி மணந்தது?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"மணக்கேல்ல," என்றேன்.

"பின்னை எப்படிச் சொன்னனியள்?"

யோசித்துத்தான் சொன்னேன். கிரீம் சோடாவின் குமிழி சின்னது. நாக்கில் மெதுவாக உடையும். ஜிஞ்சர்பியர் வாயில் ஒன்றும் செய்யாது, தொண்டைக்குப் போனபிறகு சுடும். ஒரேஞ்ச் நாக்கின் இரண்டு கரையிலும் புளிக்கும். சிவப்பு பல்லில் ஒட்டும், அதுதான் நல்ல இனிப்பு. லெமனேட் பெரிய பெரிய குமிழி, மூக்குக்குள் முள்ளு மாதிரிக் குத்தும். தினமும் குடித்துக் குடித்து நாக்கு பழகிவிட்டது. மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

நானா பேசினைப் பார்த்தார். கழுதை குடித்துக்கொண்டிருந்தது.

"மூப்பரிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்," என்று எழும்பினேன்.

"இருங்கோ," என்றாள். "போகத்தான் வேணும். இண்டைக்கில்லை. முதல்ல சரியாப் பார்த்துப்போட்டுப் போவம். அதுவும் பிழைச்சால் போய்ச் சொல்லுங்கோ."

அவள் செய்த வேலையை நான் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டேன். அடுத்த நாள் காலையில் ஐந்து போத்தலையும் திறந்து மதிலில் வெயிலுக்கு வைத்தாள். பின்னேரம் வரைக்கும் விட்டாள். காஸ் முழுக்கப் போய்விட்டது. பிறகு எல்லாவற்றையும் தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் வைத்து ஆறவிட்டாள். ஒரு கரண்டி சீனியை இதற்கு, அரைக் கரண்டியை அதற்கு என்று கலந்து இனிப்பையும் ஒரே மாதிரி ஆக்கினாள். ஒரேஞ்சில் இருக்கிற புளிக்காக மற்ற நாலுக்கும் ஒவ்வொரு சொட்டுப் புளி விட்டாள். ஜிஞ்சர்பியரின் சூட்டை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை.

"இப்ப உங்கட நாக்கு என்ன செய்யுது பாப்பம்."

கண்ணைக் கட்டிக் குடித்தேன். ஜிஞ்சர்பியரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே சீனித் தண்ணி. நாலும் பிழையாய்ப் போனது.

நானா நாலையும் குடித்துப் பார்த்தார். முகம் சுளித்தார். "தங்கச்சி, இதை வச்சி ஆளைக் கொல்லலாம்."

கழுதைக்கு ஊற்றினோம். அதுவும் குடிக்கவில்லை.

அடுத்த நாள் மூப்பர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் கிடக்கு. மணம் வந்தால் வாங்கோ. வராட்டி வேற ஆளைப் பாக்கத்தான் வேணும். நேர்த்தி உங்கடதான். கை ஆரின்ர கையாயும் இருக்கலாம்."

அது சரியான கதைதான். எனக்கு விருப்பமில்லாத கதை.

அதன் பிறகு மனைவி தினமும் காஸ் போன சோடாவைத்தான் தந்தாள். நாக்குக்கு வேலை கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். குடிக்க ஏலாமல் இருந்தது. ஒரு நாள் குசினிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து ஒரேஞ்சுக்குள் போட்டேன். முகாமில் பழகிய பழக்கம். செத்துக்கிடந்த சோடா கொஞ்சம் நுரைத்தது.

"நாசமாக்குறியள்," என்றாள் மனைவி. பிறகு பேணியை வாங்கி மூக்கில் வைத்தாள். "அட."

"என்ன?"

"முந்தி இது தோடம்பழம் தின்ற ஆள் படுத்துக்கிடக்கிற மாதிரி இருந்தது. இப்ப எழும்பி இருந்திட்டார்."

அன்றிலிருந்து அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. உப்பில்லாததையும் உப்புப் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணந்து பார்ப்பாள். படுத்திருக்கிறாரா, எழும்பிவிட்டாரா என்று சொல்லுவாள். கூடப் போட்டால், "ஆள் எழும்பி வெளிய போட்டார், இனிக் கூப்பிட ஏலாது" என்பாள். நானாவும் பழகினார். அவருக்கு அவ்வளவு வரவில்லை. மனைவி ஒருநாளும் பிழை விடவில்லை.

எனக்கு மட்டும் ஒன்றும் மணக்கவில்லை.

பிறகு ஒரு நாள் நல்ல வெக்கை. காற்று நின்றுவிட்டது. நானா ஒரு சருவப் பானையோடு வந்தார். முருங்கனுக்கு அங்கால் காட்டுக்குள் போகிற சொந்தக்காரர் ஒருவர் நன்னாரி வேர் கொண்டுவந்து கொடுத்தாராம். நோன்பு காலத்தில் அவர்கள் வீட்டில் அந்த வேரை அவித்துச் சீனிப் பாகு காய்ச்சி வைப்பார்கள். அந்தப் பாகைத் தண்ணியில் கலந்து, தேசிக்காய் பிழிந்து கொண்டுவந்திருந்தார். காஸ் இல்லை. சோதனைக்கும் இல்லை. சும்மா வெக்கைக்குக் குடிக்க.

நான் ஒரு வாய் குடித்தேன்.

"ஆர் அலுமாரியைத் திறந்தது?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன அலுமாரி?" என்றாள் மனைவி.

"பழைய அலுமாரி. ஆரோ திறந்த மாதிரிக் கிடக்கு. உடுப்பு மடிச்சு வச்ச அலுமாரி."

அவள் எழும்பி உள்ளே ஓடினாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பூட்டித்தான் கிடக்கு."

நான் இன்னொரு வாய் குடித்தேன். திரும்பவும் அலுமாரி. பேணியை இறக்கினேன், அது போனது. தூக்கினேன், வந்தது. இறக்கினேன். தூக்கினேன்.

நானாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "நன்னாரி!" என்று கத்தினார். "அல்லாவே, இவரு நன்னாரியைச் சொல்றாரு! அது அந்த மணம்தான் தங்கச்சி, மணந்து பாருங்க!"

அவள் மணந்தாள். "ஓம். அலுமாரிதான்." பிறகு அழுதாள். பிறகு, "இத்தின நாளும் சோடாவை வாங்கி வாங்கிக் கொட்டினம், வேரில கிடந்திருக்கு" என்று நானாவை ஏசினாள்.

"நான் என்ன செய்ய? நீங்க கேட்டது சோடா."

அன்று அந்தச் சருவம் முழுவதையும் நானே குடித்தேன். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஐந்து சோடாவையும் பன்னீர் சோடாவையும் கோலி சோடாவையும் ஒரு பக்கம் வைத்து, இதை மறுபக்கம் வைத்தால், இதுதான் பாரம். குமிழி இல்லை. நிறமும் மண் தண்ணி நிறம். குடித்த பிறகு கனநேரம் வாயில் நிற்கும், போகிற அவசரம் இல்லாமல். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு மணம் ஒவ்வொன்றாக வந்தது. ஒழுங்காக வரவில்லை. ஜிஞ்சர்பியரில் இஞ்சி மணந்தது. தேசிக்காய் பாதி மணந்தது. கிரீம் சோடா வந்தபோது நான் பேணியைத் தள்ளி வைத்தேன்.

"டயர் எரியிற மணம்."

"என்ர கிரீம் சோடாவோ?" என்றாள்.

"டயர்தான்."

நானா நிலத்தில் இருந்து சிரித்தார். அவள் மூன்று நாள் எனக்குக் கிரீம் சோடா ஊற்றவில்லை.

திருநாள் வந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் எனக்கு நன்னாரி இருந்தது, இஞ்சி இருந்தது, அரைத் தேசிக்காய் இருந்தது, ஒரு டயர் இருந்தது. மல்லி இல்லை. சீரகம் இல்லை. தேங்காய்ப்பால் இல்லை. இதோடு கிடாரம் வைக்க முடியாது. மூப்பர் வந்தபோது அப்படியே சொன்னேன்.

"அப்ப வேற ஆள்," என்றார் அவர், மெதுவாக.

"என்ர மூக்குக் கிடக்குத்தானே," என்றாள் மனைவி.

மூப்பர் அவளைப் பார்த்தார். "நீங்கள் கிடாரம் வச்சிருக்கிறியளோ?"

"இல்லை. வைக்கிறது அவர். மணக்கிறது நான்."

"சுவாமி மந்திரிக்க முந்தி ஒருத்தரும்..."

"வாயில வைக்கக் கூடாது. தெரியும். மூக்கில வைக்கக் கூடாது எண்டு ஆரும் சொன்னதோ? சொல்லியிருந்தால் இவர் இவ்வளவு வருசமும் செய்ததும் பிழை."

மூப்பருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. ரெண்டு பேரும் வாங்கோ. கறி பிழைச்சால் நான் உங்களைத்தான் பேசுவன், இவரை இல்லை."

"பேசுங்கோ. நானும் பேசத் தெரிஞ்ச ஆள்தான்."

திருநாளன்று விடியற்காலை வெள்ளாப்பில் கோயில் வளவில் அடுப்பு மூட்டினோம். சோறு பிரச்சினை இல்லை. அது கண்ணால் பார்ப்பது. கறிதான் சோதனை. பூசணிக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், பருப்பு எல்லாம் ஒரே கிடாரத்தில் கிடக்கிற கறி. தூள் போட்டேன், புளி விட்டேன், பால் விட்டேன். கை அளவு கைக்குத் தெரியும். உப்பு அப்படி இல்லை. பூசணிக்காய் ஒவ்வொரு வருசம் ஒவ்வொரு மாதிரி உப்பை இழுக்கும்.

மூடியைத் தூக்கினேன். ஆவி வந்தது. எனக்கு வெறும் சூடு. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"எப்படி?"

"தெரியேல்லையப்பா. கறி மணக்குது. வேற என்ன சொல்லுறது?"

"கறியை விடு. சோடாவைச் சொல்லு."

அவள் திரும்பவும் குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"காஸ் போன ஒரேஞ்ச்," என்றாள். "ஆள் படுத்துக்கிடக்கிறார்."

நான் இரண்டு கை உப்புப் போட்டேன். துழாவினேன். மூடினேன். கொதிக்க விட்டுத் திறந்தேன்.

"இப்ப?"

"ஒரு கையை ஊண்டிக்கொண்டு எழும்பப் பாக்கிறார்."

பக்கத்தில் விறகு தள்ளிக்கொண்டு நின்றவர், "ஆரப்பா எழும்புறது?" என்றார். ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

இன்னும் ஒரு கை போட்டேன்.

"இப்ப?"

"இருந்திட்டார். இன்னும் நிமிரேல்ல."

அரைக் கை. துழாவினேன். அவள் நெடுநேரம் குனிந்து நின்றாள். வியர்வை அவள் தாடையால் வழிந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஓம். போதும். எழும்பி நிக்கிறார். இனிப் போடாதேங்கோ, வெளிய போயிடுவார்."

விறகை இழுக்கச் சொன்னேன்.

பூசை முடிந்தது. சுவாமி வந்து மந்திரித்தார். முதல் பந்தி இருந்தது. நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு சனத்தின் கையைப் பார்த்தேன். உப்புக் குறைந்தால் கை கறியில் கிடந்து விளையாடும். கூடினால் சோறு கேட்கும். கை நேராக வாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தது. மூப்பர் இரண்டாம் தரம் கறி கேட்டார். கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் அதைக் காணாத மாதிரி நின்றாள். கண்டவள்தான்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு நாங்கள் இருந்தோம். நானாவும் வந்திருந்தார். சமைத்தவர்களுக்கு என்று ஒரு பெட்டி சோடா கொண்டுவந்திருந்தார். கழுவின கிடாரத்துக்குள் ஐஸ் போட்டுப் போத்தல்களை வைத்திருந்தார்கள்.

நான் முதல் வாய் வைத்தேன். மணம் இல்லை. நாக்கில் உப்பு இருந்தது, புளி இருந்தது, பூசணிக்காயின் இனிப்பு இருந்தது. மூன்றும் அந்தந்த இடத்தில் இருந்தன. அம்மாவின் நேர்த்தி இந்த வருசமும் நடந்துவிட்டது.

மனைவி சாப்பிடாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?"

"காஸ் இருக்கு," என்றேன்.

அவள் சிரித்துவிட்டு ஒரு கிரீம் சோடாவைத் திறந்து எனக்கு முன்னால் வைத்தாள். மணந்து பார்த்தேன். இன்னும் டயர்தான். குடித்தேன்.